18 அணிகள், 9 ஆட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாட்டில் பல்கலைக்கழக விளையாட்டு தழைக்க வேண்டுமானால், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பின்பற்றி, ரசிகர் கூட்டமும் பணவசதியும் உள்ள நிறுவனங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஒரு பெரிய லீக் அமைத்து, அதைத் தொலைக்காட்சிக்கு விற்க வேண்டும் என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றியவன் நான். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கோர்வாலிஸ் என்ற சிறு நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, கட்டுரையாளர் புகழும் அந்த முறை ஒரு கல்லூரி அணியை என்ன பாடு படுத்தியது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதில் பெரும்பகுதி. எனக்கு அது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. ஆனால் ஆட்டத்தை நடத்தும் ஏற்பாடு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் அது நம் குறுவட்டப் போட்டிகளின் அமைப்புதான். அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் ஒரு வட்டமாகச் சேர்ந்து தமக்குள் ஆடி, வட்டத்தின் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும். இந்த வட்டத்தை அவர்கள் கான்பரன்ஸ் என்பார்கள். பேக்-12 என்ற பெயரில் வழங்கிய மேற்குக் கரை வட்டத்தின் வேர் 1915ஆம் ஆண்டு வரை செல்கிறது. கோர்வாலிஸில் உள்ள ஆரிகன் ஸ்டேட் அணியும், யூஜீன் நகரில் உள்ள ஆரிகன் பல்கலைக்கழக அணியும் அந்த வட்டத்தில்தான் இருந்தன. தருமபுரிக்கும் சேலத்துக்கும் உள்ள தொலைவுதான் இவ்விரு ஊர்களுக்கும். இரு அணிகளும் 1894 முதல் மோதி வருகின்றன.

இந்த வட்டம் கலைந்த வேகத்தை நம்ப முடியாது. 2022 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பெரிய பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும், நாட்டின் நடுப்பகுதியில் வேர்கொண்ட பிக் டென் என்ற வட்டத்துக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய ஐந்தும் வெளியேறுவது உறுதியாயிற்று. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் அட்லாண்டிக் கடற்கரை வட்டத்தில் சேர்வதாக அறிவித்தன. பசிபிக் கரையில் இருக்கும் கல்லூரி அட்லாண்டிக் வட்டத்தில் ஆடுவது, ஓசூர்க் கல்லூரியைக் கன்னியாகுமரி மண்டலத்தில் சேர்த்ததைவிடப் பெரிய வேடிக்கை. 12 அணிகளில் 10 போய், ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் நின்றன. அவை சரியாக ஆடாததால் யாரும் கூப்பிடாமல் விட்டுவிடவில்லை. அவை இருக்கும் ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் குறைவு, அவ்வளவுதான்.

அந்த அக்டோபர் 14 அன்று மருமகன் என்னைக் கோர்வாலிஸ் மைதானத்துக்கு அழைத்துப் போனார். எதிரே ஆடியது, முதலில் வெளியேறுவதாக அறிவித்த அதே யு.சி.எல்.ஏ. அணி. அரங்கு முழுவதும் ஆரஞ்சு நிறம். எனக்குப் பக்கத்து இருக்கையில் என் வயதையொத்த ஒரு பெரியவர், கல்லூரி நாளில் வாங்கியதாகச் சொன்ன நைந்துபோன கம்பளிக் குல்லாயோடு அமர்ந்திருந்தார். உள்ளூர் அணி 36-24 என்று வென்றது. ஊர்த் திருவிழாவில் நம் கபடிக் குழு ஜெயித்தால் எழும் ஆரவாரத்துக்கு அது குறைந்ததில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அந்தப் பெரியவர் எழவில்லை. இனி இவர்கள் இங்கே எப்போது வருவார்களோ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர் நடந்ததை எண்களாகவே தருகிறேன். 2022 பருவத்தில் ஆரிகன், ஆரிகன் ஸ்டேட் ஆகிய இரண்டும் தலா 10 ஆட்டங்களில் வென்றிருந்தன. அவ்விரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தில், 31-10 என்று பின்தங்கியிருந்த ஆரிகன் ஸ்டேட் எழுந்துவந்து 38-34 என வென்றது. 2023 நவம்பரில், வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே, ஆரிகன் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் பிக் டென் வட்டத்தைச் சேர்ந்த மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரர்களும் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறினார்கள். 2023இல் 8 வெற்றி பெற்ற அந்த அணி 2024இல் 5, 2025இல் 2 என்று இறங்கியது. பிக் டென்னுக்குப் போன ஆரிகன் அணியோ 2024இலும் 2025இலும் 13 ஆட்டங்களில் வென்றது. நைக்கி நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட் ஆரிகனின் பழைய மாணவர், அவருடைய பணம் யூஜீனுக்கு வெகுகாலமாகவே பாய்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் இருந்தபோதும் 2022இல் இரு அணிகளும் 10க்கு 10 என்று நின்றன. 13க்கு 2 என்றானது வட்டம் உடைந்த பிறகுதான்.

கட்டுரையாளர் கவனிக்காத இன்னொன்று ஆட்ட அட்டவணை. இது என் தொழில் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கல்லூரிகளுக்கு இடையேயான நாக் அவுட் போட்டிக்கு 11 அணிகள் வந்தால், முதல் சுற்றில் 5 அணிகளுக்குப் ‘பை’ கொடுத்தாக வேண்டும். ‘பை’ கிடைத்த அணி வியர்க்காமல் அடுத்த சுற்றுக்குப் போகும் என்பதால், அந்தச் சீட்டுக்காக மேலாளர்கள் தவம் கிடப்பார்கள். நான் அணிகளின் பெயர்களை எழுதி, நான்காக மடித்து, எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கி, வேடிக்கை பார்க்க வந்திருக்கும் சிறுவன் எவனையாவது கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் எடுக்கச் சொல்வேன். ஒரு முறை பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்று போட்டியை நடத்தியபோது, நாங்கள் போய் இறங்குவதற்கு முன்பே அட்டவணை தட்டச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நடத்துகிற கல்லூரிக்குப் ‘பை’, பலமான மூன்று அணிகளும் ஒரே பாதியில். நாங்கள் கேட்டுப் பார்த்தோம், பயனில்லை. மாலையில் கோப்பை அவர்களிடமே தங்கிவிட்டது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இன்று பிக் டென் என்ற பெயருக்குள் 18 அணிகள் இருக்கின்றன (பெயரை மாற்றவும் அவர்களுக்கு மனம் வரவில்லை). ஓர் அணி வட்டத்துக்குள் ஆடுவது 9 ஆட்டங்கள்தான். ஆக, மற்ற 17 அணிகளில் 8 அணிகளை அது அந்த ஆண்டில் பார்க்கவே பார்க்காது. யாருக்கு எளிய எதிரிகள் வாய்த்தார்கள், யாருக்குக் கடினமானவர்கள் வாய்த்தார்கள் என்பதே தரவரிசையில் பெரும்பங்கு வகிக்கிறது. பழைய மேற்குக் கரை வட்டத்தில் 2006 முதல் 2010 வரை 10 அணிகள், 9 ஆட்டங்கள் என்ற கணக்கு இருந்தது. எல்லோரும் எல்லோருடனும் ஆடினார்கள், சாம்பியன் யார் என்பதில் வழக்கு எழ வாய்ப்புக் குறைவு. இதற்கு மாறாக, கால்பந்தில் 17 அணிகள் கொண்ட அட்லாண்டிக் கடற்கரை வட்டத்தில் 2025இல் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் இடத்தில் ஐந்து அணிகள் சம வெற்றி தோல்விகளோடு நின்றன. அவற்றில் பல ஒன்றோடொன்று மோதியதே இல்லை என்பதால், எதிரிகளின் வெற்றி விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டு, மொத்தத்தில் 7 வெற்றி 5 தோல்வி கண்டிருந்த டியூக் அணியை இறுதிப் போட்டிக்கு அனுப்பினார்கள். அது வட்டத்தின் கோப்பையையும் வென்றது, ஆனால் தேசிய சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் போட்டிக்கான 12 அணிகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அதே வட்டத்தில் இருந்தும் அதன் இறுதிப் போட்டிக்கே வராத மயாமி அணி தேசியப் போட்டிக்குத் தேர்வாகி, இறுதி ஆட்டம் வரை போயிற்று. வட்டத்தின் வெற்றிக்கு மதிப்பில்லை என்றால், வட்டம் என்று ஒன்று எதற்கு?

அந்த இறுதி ஆட்டத்தில் மயாமியை வென்றது இந்தியானா. நெடுங்காலம் தோல்விக்கே பேர்போன, 2023இல் 3 ஆட்டங்களில் மட்டும் வென்ற அணி அது. சிறியவர்களும் உச்சிக்கு வர முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆட்டக்காரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றி மாறலாம் என்றான பிறகு, நல்ல பயிற்சியாளர் கிடைத்த எந்த அணியும் இரண்டே ஆண்டுகளில் தலைகீழாக மாற முடிகிறது. ஆனால் இந்தியானா பழங்காலந்தொட்டே பிக் டென் உறுப்பினர். தொலைக்காட்சிப் பணத்தில் அதற்குப் பங்கு உண்டு. கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்குள் ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பதுதான் அதன் கதை. வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதில் ஆறுதல் இல்லை. 12 அணிகள் கொண்ட தேசியப் போட்டியில் பிக் டென்னும், இன்னொரு பெரிய வட்டமான தென்கிழக்கு வட்டமும் சேர்ந்து 2024இல் 7 இடங்களையும், 2025இல் 8 இடங்களையும் எடுத்துக்கொண்டன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒளிபரப்புப் பணம். ஒரு காலத்தில் எந்தக் கல்லூரி அணியும் 2 ஆண்டுகளில் 6 முறைக்கு மேல் தொலைக்காட்சியில் வரக்கூடாது என்று அங்கே விதி இருந்தது. பெரிய அணிகளே திரையை அடைத்துக்கொண்டால் சிறிய அணிகள் வாடிவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்த்தகத்தைத் தடுக்கிறது என்று கூறி 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. மறுத்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் ஒயிட், மாணவராக இருந்தபோது கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற கால்பந்து வீரர். ஆடிப் பழகியவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்பது என் எண்ணம். அன்று திறந்த வழிதான், பிக் டென் 2022இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களோடு 7 ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் போடும் வரை கொண்டுவந்தது. இதில் விந்தை என்னவென்றால், வியாபாரம் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்ளும் அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்து லீக், தேசிய ஒளிபரப்புப் பணத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. கடைசி இடம் பிடித்த அணிக்குப் புதிய ஆட்டக்காரரைத் தேர்வு செய்வதில் முதலுரிமை தருகிறது. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறது. கல்வி நிலையங்கள்தான் சந்தைக் கடைபோல் நடந்துகொள்கின்றன.

நம் ஊருக்கு வருகிறேன். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதுவும் ஒரு மறுசீரமைப்புதான். ஆனால் அதன் விளைவு, பள்ளி விளையாட்டில் மாவட்டத்துக்கு ஓர் அணி மாநிலப் போட்டிக்குப் போன இடத்தில் இரண்டு அணிகள் போயின. ஊத்தங்கரைப் பையனும் பென்னாகரத்துப் பையனும் ஒரே இடத்துக்காக முட்டிக்கொள்ளும் நிலை மாறியது. எங்கள் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழக அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும், அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. இந்தப் படிகளில் குறைகள் ஏராளம், நானே எழுதித் தருவேன். நல்ல ரெய்டர் ஒருவன் தலையெடுத்தால், கட்டணமில்லை, விடுதி இலவசம் என்று சொல்லி வசதியான கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போவதை முப்பது ஆண்டுகளும் பார்த்துவிட்டேன்; பையனின் குடும்ப நிலை தெரிந்ததால் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியோடு எங்கள் அணி மோதத்தான் செய்யும். ஒன்றிரண்டு முறை வென்றும் இருக்கிறோம். கட்டுரையாளர் சொல்லும் தனி லீக் வந்தால் அந்த மோதலே இராது. அவர்கள் எங்கள் பையனை எடுத்துக்கொள்வார்கள், எங்களோடு ஆடமாட்டார்கள்.

லீக் வேண்டவே வேண்டாம் என்பது என் வாதமன்று. வருவதாயின் 10 அணிகளுக்கு மேல் வேண்டாம், எல்லோரும் எல்லோருடனும் ஆட வேண்டும். கடைசி இரு அணிகள் ஆண்டுதோறும் இறங்கவும், மண்டலப் போட்டியில் வென்ற இரு அணிகள் ஏறவும் வழி இருக்க வேண்டும். ஒளிபரப்பில் வரும் பணத்தில் ஒரு பகுதி, லீக்கில் இல்லாத கல்லூரிகளின் மைதானத்துக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் போக வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவெடுக்கும் குழுவில், உள்ளே இருக்கப்போகும் கல்லூரிகளின் ஆட்கள் ஒருவரும் இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்றுக்கேனும் கட்டுரையாளரும் அவர் கருத்தை ஆதரிப்போரும் உடன்படுவார்களா என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகவே அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.