ஆளி விதைய ஏன் பொடியா விக்கறதில்லன்னு கேக்கறவங்களுக்கு

நம்ம செக்கு எண்ணெய்க் கடைக்கு வர்ற எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஆளி விதைய அரைச்சு பாக்கெட் போட்டு வெச்சா என்ன, மத்த கடைல கெடைக்குதேன்னு கேக்கறவங்க ஜாஸ்தியாகிட்டே இருக்காங்க. வாட்ஸப்ல ஒவ்வொருத்தருக்கா டைப் பண்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

விஷயம் எல்லாம் அதோட எண்ணெய்லதான் இருக்கு. விதைல கிட்டத்தட்ட 40 சதவீதம் எண்ணெய், அதுல பாதி அளவுக்கு ஒமேகா 3 வகையச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் ஆசிட். காத்துல இருக்கற ஆக்சிஜன் பட்டா போதும், அது டக்குன்னு கெட ஆரம்பிச்சிடும். தோல் மூடியிருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, முழு விதை டப்பால மாசக்கணக்குல நிக்கும், ஆனா மிக்ஸில ஒரு சுத்து சுத்துனதும் கணக்கு ஆரம்பம், வெளியவே வெச்சா சீக்கிரமே கசப்பு தட்டி பெயின்ட் வாடை வரும். அதனாலதான் பொடி விக்கறதில்ல.

பெயின்ட் வாடைன்னு சும்மா சொல்லலீங்க, நெசமாவே பெயின்ட்டுக்கும் இதே எண்ணெய்தான். தேங்காண்ணெய் தடவுனா பிசுபிசுன்னே கெடக்கும், ஆளி எண்ணெய் மட்டும் ஆக்சிஜன இழுத்து மெல்லிசா ஒரு தோலா காஞ்சிடும். ஐரோப்பால ஓவியருங்க பல நூறு வருஷமா கலர்ப்பொடிய இதுல கொழைச்சுத்தான் வரைஞ்சாங்க, ஜன்னல் கண்ணாடிக்கு வெக்கற புட்டிங்கற பழைய பசை சாக்பீஸ் பொடியும் இந்த எண்ணெயும் சேர்ந்ததுதான். 1860கள்ல இங்கிலாந்துல ஃபிரெடரிக் வால்டன்னு ஒருத்தர் இந்த எண்ணெய் காஞ்சு தோலாகறத வெச்சே லினோலியம்னு தரை விரிப்பு பண்ணிட்டாரு. வயித்துக்குள்ள போக வேண்டியத கெடுக்கற அதே குணம் மரத்துக்கு காவலா நிக்குது.

பசங்க கிரிக்கெட் பேட்டுக்கு கேக்கறதும் அதான். பேட்டுக்கு எதுவும் சேக்காத பச்சை எண்ணெய்தான் வேணும், மெல்லிசா தடவி படுக்க வெச்சு காய விடுங்க, கைப்பிடிலயும் அது பேட்டோட சேர்ற எடத்துலயும் படக்கூடாது. ஹார்டுவேர் கடைல இதே ஆளி எண்ணெய் லின்சீட் ஆயில்ங்கற பேர்ல டின்ல வரும், அத தயவு செஞ்சு யாரும் சாப்பிடாதீங்க, சீக்கிரம் காயறதுக்காக உலோக உப்பு சேத்ததும் அதுல உண்டு. தொடைச்ச துணிய சுருட்டி மூலைல போடறதும் ஆபத்து, தானா சூடாகி தீப்பிடிச்சுக்கும். விரிச்சு காயப்போடுங்க, இல்ல தண்ணில முக்கிடுங்க.

சரி, சாப்பிடற விஷயம். முழு விதைய முழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளிய போயிடும், பொடிச்சாத்தான் பலன். லேசா வறுத்து, ஆறவெச்சு, ஒரு வாரத்துக்கு வேணுங்கறத மட்டும் அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கங்க, ஒரு நாளைக்கு ஒரு டேபிள் ஸ்பூன் தாராளம். மகாராஷ்டிரால காஞ்ச மிளகா, பூண்டு, உப்பு சேத்து ஜவஸ் சட்னின்னு இடிச்சு ரொட்டிக்கு தொட்டுக்குவாங்க, நம்ம இட்லிக்கும் அது அருமையா சேரும். முட்டை போடாம கேக் பண்றவங்க ஒரு முட்டைக்கு பதிலா ஒரு டேபிள் ஸ்பூன் பொடி, மூணு டேபிள் ஸ்பூன் தண்ணி கலந்து கொஞ்ச நேரம் விட்டா கொழகொழன்னு ஆகும். அந்த கொழகொழப்புதான் மலச்சிக்கலுக்கும் கேக்குது, ஆனா தண்ணி நல்லா குடிக்கணும், இல்லன்னா நேர் எதிரா அடைச்சுக்கும்.

கெட்ட கொழுப்ப கொஞ்சம் கொறைக்கும், அது உண்மை. சுகர் போயிடும், கேன்சர் குணமாகும்னு வர்ற ஃபார்வர்டு மெசேஜுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல. மீனுக்கு சமம்னும் சொல்ல மாட்டோம், இதுல இருக்கற ஒமேகா 3 நம்ம உடம்புக்குள்ள மீன்ல இருக்கற மாதிரி மாறுறது ரொம்ப கம்மி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, குடல் சுருக்கம் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கிக்கங்க. வேற மாத்திரையோட சேத்து ஒண்ணா எடுக்காம கொஞ்சம் இடைவெளி விடுங்க.

லினன் சட்டையும் இதே செடியான்னு ஒரு அக்கா கேட்டாங்க. ஆமாக்கா, ஆனா நார் எடுக்கறது ஒசரமா வளர்ற தனி ரகம், பெல்ஜியம், வடக்கு பிரான்ஸ் பக்கம் பயிர் பண்றாங்க. விதை ரகம் குட்டையா கெளை விட்டு நிக்கும். நம்ம நாட்டுல மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், விதர்பா பக்கம் வெளையுது, சத்தீஸ்கர்ல நெல்லு அறுக்கறதுக்கு முன்னாடியே நிக்கற பயிருக்குள்ள விதைச்சு விட்டுடுவாங்க, மீதி ஈரத்துலயே வளந்துடும். அறுப்பு பிப்ரவரி, மார்ச்சு வாக்குல.

எண்ணெய சின்ன கருப்பு பாட்டில்லதான் குடுப்போம், பெரிய பாட்டில் கேட்டு சண்டை போடாதீங்க. தாளிக்கவோ பொரிக்கவோ ஆகாது, சாதத்துல, சாலட்ல பச்சையா ஊத்திக்கங்க. முதல் நாளே சொல்லிட்டா மறுநாள் ஆட்டி வெச்சிடுவோம், வரும்போது காலி பாட்டில் இருந்தா கழுவி நல்லா காயவெச்சு எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
கடைக்காரர்