சின்னுவுக்கு: காஷ்மீரி கேட்டிலிருந்து லோதியன் கல்லறை வரை

அன்புள்ள சின்னுவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வரி கிடைத்தது. டெல்லி காஷ்மீரி கேட் நடைக்கு வழி வேண்டும், கூட மூன்று நண்பர்கள் வருகிறார்கள், அவ்வளவுதான். எந்தத் தேதி, எங்கே தங்கப் போகிறாய், ஒன்றும் இல்லை. பிப்ரவரி மூன்றாம் வாரம் என்று மயூர் விஹார் ஆன்ட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்குப் பதவி உயர்வு வந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். கேட்டதும் அப்பா படத்துக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சித்தப்பாவின் பொங்கல் வாழ்த்துக்கும் நீ பதில் போடவில்லையாம். அதை அப்புறம் பேசலாம்.

முதலில் ஷூ. செருப்போடு வராதே, நண்பர்களிடமும் சொல். பழைய கல்லறைகளில் செங்கல் உள்வாங்கி மண் இறங்கியிருக்கும், மேலே புல் மூடியிருப்பதால் பள்ளம் தெரியாது. கல்லறை மேடை மேல் ஏறி நிற்கக் கூடாது, சாய்ந்த கல்லில் கை ஊன்றவும் கூடாது. எவ்வளவு கனமான கல்லாக இருந்தாலும் அடியில் பிடிமானம் போயிருந்தால் தொட்ட மாத்திரத்தில் சரியும்.

சனிக்கிழமை வா. ஞாயிறு சர்ச்சில் ஆராதனை இருக்கும், திங்கள் மியூசியம் மூடியிருக்கும். மொத்த தூரம் 2 கிலோமீட்டர்கூட இராது, ஆனால் 3 மணி நேரம் ஒதுக்கு. வடக்கிலிருந்து தெற்காக நடப்பதுதான் நல்லது, திரும்பி வர வேண்டியதில்லை. காலை ஏழரைக்குக் காஷ்மீரி கேட் மெட்ரோவில் இறங்கி, நிக்கல்சன் கப்ரிஸ்தான் என்று கேட்டால் அந்தக் கல்லறைத் தோட்டத்தைக் காட்டுவார்கள். வாசலில் காவலுக்கு சௌகிதார் இருப்பார். படம் எடுப்பதற்கு முன் அவரைக் கேட்டுக்கொள். குரங்கு நிறைய. கையில் பிஸ்கட் பொட்டலம் வேண்டாம், சாப்பிட்டுவிட்டே கிளம்பு.

கல்லறையை முதலில் வைத்ததற்குக் காரணம் வெளிச்சம். வெயில் சாய்வாக விழுந்தால்தான் வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். சூரியன் மேலே ஏறிவிட்டால் எல்லாக் கல்லும் வெறும் கல். ஒரு சின்னக் கண்ணாடியும், தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டிலும் எடுத்து வா. நிழலில் இருக்கும் கல்லுக்குப் பக்கவாட்டிலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டால் அழிந்தது போல இருந்த எழுத்து எழுந்து நிற்கும். லேசாகத் தண்ணீர் தெளித்தாலும் தெரியும். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், தூள் நுண்துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகக் கூடாது. பளிங்கு சுண்ணாம்புக்கல்லின் இனம், ஆசிட்டில் கரைந்துவிடும். ஏற்கெனவே நகரத்துப் புகையும் மழையும் அதன் மேல்தோலைச் சர்க்கரை போல உதிர வைத்திருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் இரும்பு வேலி போட்ட வெள்ளைப் பளிங்குதான் பிரிட்டிஷ் தளபதி ஜான் நிக்கல்சன். 1857 செப்டம்பர் 14 அன்று டெல்லித் தாக்குதலை முன்னின்று நடத்திக் குண்டடி பட்டான், 23ஆம் தேதி செத்தான். கல்லில் வயது 35 என்றிருக்கும். வீரன் என்று ஒரு தலைமுறையே கொண்டாடியது. டெல்லியில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றவர்களை உயிரோடு தோலுரிக்கவும் கழுவேற்றவும் எரிக்கவும் சட்டம் வேண்டும் என்று கடிதம் எழுதியவனும் அவன்தான். உன் நண்பர்களுக்கு இரண்டையும் சொல். இங்கே பக்கத்தில் நின்ற அவன் சிலை சுதந்திரத்துக்குப் பிறகு வடக்கு அயர்லாந்தில் அவன் படித்த டங்கானன் பள்ளிக்குப் போய்விட்டது.

அங்கேயே நின்றுவிடாதே. பின்பக்கம் போ. சின்னச் சின்ன மேடைகள் இருக்கும், எல்லாம் குழந்தைகள். வயதை வருஷத்தில் சொல்ல முடியாமல் மாதமும் நாளுமாக வெட்டியிருப்பார்கள். எந்த மாதத்தில் இறந்தார்கள் என்று எண்ணிக்கொண்டே போனால் வெயிலும் மழையும் காலராவும் காய்ச்சலும் அந்த ஜனங்களை என்ன பாடு படுத்தின என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

பாதியில் உடைந்த தூண் தெரிந்தால் யாரோ உடைத்துவிட்டார்கள் என்று நினைக்காதே. அப்படியே செதுக்கி வைத்தது, நடுவில் அறுந்த ஆயுள் என்று அர்த்தம். துணி போர்த்திய கலசமும் பார்ப்பாய். அது ரோமானியர்கள் அஸ்தி வைத்த கலசம். புதைக்கும் வழக்கமுள்ளவர்கள் எரித்த சாம்பலின் பாத்திரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் நம் கொள்ளிக்குடம்தான் ஞாபகம் வரும்.

சில கல்லில் எழுத்தே இருக்காது, சின்னச் சின்னத் துளைகள் மட்டும் வரிசையாக இருக்கும். ஈயத்தில் வார்த்த எழுத்தைத் துளையில் அடித்துப் பதித்திருந்தார்கள், ஈயம் விழுந்துவிட்டது. துளைகளைக் கண்ணால் கோத்துப் பார்த்தால் எழுத்து திரும்ப வரும். உனக்கு அது நன்றாக வரும், ஐந்து வயதில் கோலப் புள்ளியைப் பார்த்தே எந்தக் கோலம் என்று சொல்லிவிடுவாய்.

எந்தக் கல்லானாலும் கடைசி வரியைப் படி. யார் வைத்தது என்று அங்கே இருக்கும். மனைவி வைத்தது, ரெஜிமெண்ட் அதிகாரிகள் வைத்தது, நண்பர்கள் வைத்தது. இறந்தவரைப் பற்றி மேலே இருக்கும் புகழ்ச்சியெல்லாம் ஒன்று போலவே இருக்கும். கடைசி வரிதான் உண்மை பேசும்.

அங்கிருந்து தெற்கே வந்தால் கேட். சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்காதே, பஸ் நிலையத்துக்குப் போகும் வண்டிகள் நிற்கவே நிற்காது. இரட்டை வளைவு, சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட குழிகள் இன்னும் இருக்கின்றன. அந்த 1857 தாக்குதலில் கதவை வெடி வைத்துத் தகர்த்தவர்களின் பெயர்ப்பலகையில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. நின்று படி.

அடுத்து செயின்ட் ஜேம்ஸ் சர்ச், 1836இல் திறந்தது. மஞ்சளும் வெள்ளையுமான குவிமாடக் கட்டடம். கட்டியவர் ஜேம்ஸ் ஸ்கின்னர், அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா ராஜபுத்திரப் பெண். டெல்லிக்காரர்களுக்கு அவர் சிக்கந்தர் சாகிப். போர்க்களத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, பிழைத்தால் சர்ச் கட்டுவதாக வேண்டிக்கொண்டாராம். 1841இல் ஹான்சியில் இறந்தார், அங்கே புதைத்து, மறு மாதம் எடுத்து வந்து பலிபீடத்துக்கு எதிரே தரையில் வைத்தார்கள். கல்லை மிதித்துவிடாதீர்கள். வெளியே புல்வெளியில் 1835இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஃபிரேசருக்கும் இடம் உண்டு. அந்தக் கொலைக்காகத் தூக்கில் போட்டது ஃபெரோஸ்பூர் நவாப் சம்சுதீன் கானை.

அடுத்து, ஷாஜகான் மகன் தாரா ஷூகோவின் நூலகம், அம்பேத்கர் பல்கலைக்கழக வளாகத்துக்குள். முன்னால் வெள்ளைக்காரத் தூண், அதற்குப் பின்னால் முகலாயத் தூண். ஒரே கட்டடம்தான், அரசு மாற மாற முகம் மாறியது. இப்போது அங்கே பிரிவினை மியூசியம். அரை மணி போதும் என்று போகாதே.

பிறகு சாலை நடுத்திட்டில் பிரிட்டிஷ் வெடிமருந்துக் கிடங்கின் வாசல்கள் நிற்கும். 1857 மே 11 அன்று உள்ளே இருந்த ஒன்பது பிரிட்டிஷ்காரர்கள், கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் கையில் சிக்கக் கூடாதென்று தாங்களே கொளுத்திவிட்டார்கள். பழைய பலகை சிப்பாய்களைக் கலகக்காரர்கள் என்கிறது. அடியில் பிற்காலத்தில் வைத்த பலகை, அவர்கள் அந்நிய ஆட்சியைக் கவிழ்க்க முயன்றவர்கள் என்று திருத்துகிறது. பழையதைப் பிடுங்கிப் போடாமல் பக்கத்திலேயே பதில் வைத்தது எனக்குப் பிடிக்கும். 1857இன் தந்தி ஊழியர்களுக்கான சாம்பல் நிற நினைவுத் தூண் 1902இல் வந்தது, அதுவும் அங்கேதான்.

கடைசியாக லோதியன் கல்லறை, ரயில் பாலத்துக்குப் பக்கத்தில். பிரிட்டிஷார் டெல்லியில் முதலில் புதைக்கத் தொடங்கிய இடம் இதுதான், 1808 முதல் 1867 வரை. இங்கே வரும்போது வெயில் ஏறியிருக்கும், கண்ணாடி தேவைப்படும். பல மேடைகளில் பெயர்க்கல் போய், அது பதிந்திருந்த நீள்சதுரக் குழி மட்டும் இருக்கிறது. பக்கவாட்டில் சிமென்ட் பூசிய இடங்களைப் பார். இது உன் துறை, ஆனாலும் சொல்கிறேன். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும், தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகக் காய்ந்துவிடும். சிமென்ட் அடைத்துவிடும். ஈரம் வேறு வழி தேடிச் செங்கல்லுக்கும் கல்லுக்கும் போகும், கூடவே உப்பு போகும், உப்பு உறைந்து பருத்ததும் கல் ஏடு ஏடாக உரியும். இரும்புப் பிடி வைத்த இடத்தில் துரு பருத்துக் கல்லைப் பிளக்கும். விரிசலில் அரசங்கன்று இருந்தால் இழுக்காதே, வேரோடு சுவரும் வரும். நல்லது செய்கிறோம் என்று அவசரமாகப் பூசிய பூச்சுதான் உள்ளே இருப்பதை அழிக்கிறது.

லோதியன் வாசலில் வெளியே வந்தால் நேர் தெற்கே லால் கிலா மெட்ரோ. கிழக்கே யமுனை. நிகம்போத் காட் சுடுகாடு அந்தப் பக்கம்தான், நடந்தே போகலாம். நீ மேப்பில் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் இந்த நடையைக் கேட்டாயோ என்று உன் மெசேஜ் வந்த நாள் முதல் எனக்குத் தூக்கம் இல்லை.

அப்பாவைக் கொண்டுபோன அன்றைக்கு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நானும் வருகிறேன் என்று நீ கேட்டாய். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று உன் கையை எடுத்துவிட்டது சித்தப்பா. எடுக்கச் சொன்னது நான். அதற்கு முன்னால் அவர் சமையலறைக்கு வந்து, "அண்ணி, புள்ள அவதானே, வரட்டுமே, கொள்ளியும் அவளே வைக்கட்டும்" என்று கேட்டார். ஊரிலிருந்து வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாயைப் பயந்து நான் முடியாது என்றேன். பிறகு இத்தனை வருஷம் அவர்தான் தடுத்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்க, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்கு உன் கையால்தான் வேண்டியிருந்திருக்கும். எனக்கு அது அப்போதே தெரியும் சின்னு. ஹரித்வாருக்கு உன்னைக் கூட்டிப் போகாததும் அதே பயம்தான்.

சித்தப்பாவுக்கு ஒரு பதில் போடு. என் மேல் இருக்கும் கோபத்தை என்னிடமே வைத்துக்கொள்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் நடக்காத வழி அந்த நிகம்போத் காட்டுக்குப் போகும் வழி ஒன்றுதான். சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு லோதியன் வாசலில் பச்சைத் தெர்மோஸோடு நிற்பேன். நண்பர்களை மெட்ரோவில் ஏற்றிவிட்டு வா, இரண்டு பேரும் போகலாம். உனக்கு மனசு இல்லையென்றால் காபி மட்டும் குடித்துவிட்டு அவர்களோடு போய்விடு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் எழுது.

ஷூ மறக்காதே. படித்துறைக்கு இறங்கும்போது கழற்ற வேண்டியிருக்கும், லேஸ் இல்லாததாகப் போட்டுக்கொள்.

அம்மா