தமிழ்மொழி விழாவில் ஓர் இரவை வானத்துக்குத் தாருங்கள்

சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழா ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் வந்தால் பட்டிமன்றம், கவிதை, நாடகம் என்று ஊரே களைகட்டுகிறது. அதில் எதையும் குறைக்கச் சொல்லி எழுதவில்லை. அவற்றோடு அண்டத்தைப் பற்றிய அறிவியலான அண்டவியலுக்கும் ஓர் இரவு வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்தில், இரவு பத்து மணி வாக்கில்.

ஏன் அந்த நேரம்? அண்டத்தின் தொடக்கமான பெருவெடிப்புக்குச் சுமார் 380,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அண்டம் விரிய விரிய அலை நீண்டு, இப்போது 2.725 கெல்வின் (ஏறத்தாழ மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலை கொண்ட நுண்ணலையாக இருக்கிறது. பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கண்டதாக 1965இல் அறிவித்தபோது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அளவாகத்தான் தெரிந்தது. நுட்பமாக அளந்தால் அப்படி இல்லை. ஒரு பக்கம் சுமார் 3.4 மில்லிகெல்வின் கூடுதல் (மில்லிகெல்வின் என்பது கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நேர் எதிரே அதே அளவு குறைவு. நாம் ஓடுவதுதான் காரணம். போகும் திசையிலிருந்து வரும் அலை சுருங்கி சூடேறும், பின்னாலிருந்து வருவது நீண்டு குளிரும். அதை வைத்துக் கணக்கிட்டால் சூரியக் குடும்பம் நொடிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் போகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகமே நொடிக்கு 30 கிலோமீட்டர்தான்!

அந்தத் திசை சிம்ம ராசியின் தெற்கு விளிம்பை ஒட்டி இருக்கிறது. மகத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவிலிருந்து இருபது டிகிரி தெற்கே. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நான் சொன்ன அந்த நேரத்தில் அது நம் உச்சியிலிருந்து எட்டு டிகிரிதான் தள்ளியிருக்கும். லண்டன்காரர்களுக்கு அது பாதி வானம்கூட ஏறாது. மேகம் மூடினாலும் கவலையில்லை, அங்கே கண்ணுக்குத் தெரிய எதுவுமில்லை. அண்ணாந்து "இந்தப் பக்கம்தான் போகிறோம்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். அளப்பதற்குத்தான் நம் ஊர் சரிப்படாது. காற்றின் ஈரமே நுண்ணலையை உமிழும். அதனால்தான் 1970களில் இயற்பியலாளர் ஸ்மூட்டின் குழுவினர் யூ-2 என்ற விமானத்தில் கருவியை ஏற்றி, உயரத்தில் பறந்து அளந்தார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அப்படியானால், எல்லா வேகமும் வேறொன்றைப் பொறுத்ததுதான், தனி வேகம் என்று எதுவும் இல்லை என்று ஐன்ஸ்டைன் சொன்னது தவறா?" உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கேட்டே தீருவார்கள், கேட்க வேண்டும். ஒரே வேகத்தில் நேராகப் போகும் எம்ஆர்டி ரயில் பெட்டியின் சன்னல்களை மூடிவிட்டால், உள்ளே என்ன சோதனை செய்தாலும் அதன் வேகம் தெரியாது. இந்தக் கதிர்வீச்சை அளப்பது சன்னல் வழியே வெளியே பார்ப்பது. இயற்பியல் விதி எதுவும் மாறவில்லை; அண்டம் முழுக்க நிரம்பியிருக்கும் ஒன்றை ஒப்பிட்டு நம் வேகத்தைச் சொல்கிறோம், அவ்வளவுதான். இதை நல்ல தமிழில், பொறுமையாக, கரும்பலகையில் எழுதிக்காட்டி விளக்க ஓர் இயற்பியல் ஆசிரியரை அழையுங்கள். கேள்விகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இடம் பெரிய அரங்காக இருக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு சமூக மன்றத்தின் திறந்தவெளி போதும். நாற்காலி போடுவது முதல் பிள்ளைகளைத் திரட்டுவது வரை நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து ஒரு தாய்