மயிலாப்பூர் வாசகர் கூடல்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி இவ்வாண்டு முழுக்கச் சமணம் பற்றியே வாசித்தோம். மாதம் ஒரு கூட்டம். கார்த்திகைக் கூட்டம் மட்டும் மழையால் நின்றது.

"சௌகார்பேட்டை வடநாட்டு வணிகர்கள் மதத்தை மயிலாப்பூரில் உட்கார்ந்து ஏன் படிக்க வேண்டும்?" என்று முதல் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். இதே மயிலாப்பூரில் சமணரின் 22ஆம் தீர்த்தங்கரர் (பிறவிக்கடல் கடக்க வழிகாட்டிய அருகர்) நேமிநாதருக்குக் கோயில் இருந்தது. குணவீர பண்டிதரின் இலக்கண நூல் 'நேமிநாதம்' என்று பெயர் பெற்றது அந்த நேமிநாதரால்தான். கடல் ஊருக்குள் வந்தபோது கோயிலிலிருந்த நேமிநாதர் சிலையைச் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோனதாகத் தமிழ்ச் சமணர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். கேட்டவரே அதன்பின் ஒரு கூட்டமும் தவறவில்லை.

மகாவீரர் தொடங்கிய மதம் என்றே பலரும் எண்ணியிருந்தோம். சமணர் மரபில் அவர் 24ஆம் தீர்த்தங்கரர். முதல்வர் ஆதிநாதர், 23ஆமவர் பார்சுவநாதர். மகாவீரர் 30 வயதில் துறவு பூண்டு, 72 வயதில் பாவாபுரியில் வீடுபேறு அடைந்தார். அந்நாளே சமணருக்குத் தீபாவளி.

வந்தவாசிப் பக்கத்து நயினார் (தமிழ்ச் சமணர்) குடும்பத்தைச் சேர்ந்த நம் மூத்த உறுப்பினர் பேசிய மாலை இன்னும் மனத்தில் நிற்கிறது. சமணத்தில் வினை என்பது நுண்ணிய பொருள். உயிரில் தூசியாய்ப் படிவது. அது உள்ளே வருவது ஊற்று, ஒட்டுவது கட்டு, தடுப்பது செறிப்பு, களைவது உதிர்ப்பு, முற்றும் நீங்கினால் வீடு. எல்லாம் தமிழ்ச் சொற்கள்! ஓட்டைப் படகில் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், பிறகு தண்ணீரை இறைக்க வேண்டும் என்றார். படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லாததால் நமக்காக இறைக்க யாரும் வரமாட்டார்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், மிகுபொருள் விரும்பாமை ஆகிய ஐந்தும் முழுமையாகக் காக்கும் முனிவர்க்கு மாவிரதம், இயன்ற அளவில் காக்கும் இல்லறத்தார்க்கு அணுவிரதம். எனக்கு ஐந்தாவதே கடினமாகப் படுகிறது. அன்றிரவு, ஆண்டுக்கணக்கில் கட்டாத புடவைகளைக் கொடுப்பதற்கென்று எடுத்து வைத்தேன்.

செஞ்சி அருகே திருநாதர்குன்றுக்குப் போனோம். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரரும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே உண்டு. அதன்முன் யாருக்கும் பேச்சு வரவில்லை. கிளம்பத் தாமதமானதால் உச்சிவெயிலில் ஏற நேர்ந்தது. முதியோர் இருவர் கீழேயே தங்கிவிட்டனர். ஏற்பாட்டுக் குறை என்னுடையது. அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டு சமண முனிவர் பவணந்தியின் நன்னூலை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து. தை மாதம் புழல் ஆதிநாதர் கோயிலுக்குப் போகிறோம். அங்கே ஏற மலை இல்லை. அந்த இருவரும் அவசியம் வர வேண்டும்.

செயலாளர்