நெல் உலர்த்தும் தளத்தில் காற்று ஏறவில்லை

ஐயா,

வணக்கம். ஒரத்தநாடு பக்கத்தில் எங்கள் களத்தை ஒட்டி ஆவணியில் நீங்கள் கட்டிக் கொடுத்த நெல் உலர்த்தும் கிடங்கு பற்றி எழுதுகிறேன். மூன்று முறை போன் செய்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்புகிறோம் என்றீர்கள், யாரும் வரவில்லை.

20 அடிக்கு 15 அடி தளம், அடியில் ஒன்றரை அடி காற்றுக் குழி, மேலே துளைத் தகடு, பக்கவாட்டில் அந்தக் குழிக்குள் காற்றை ஊதும் ப்ளோயர். மூன்றடி உயரத்துக்குக் கொட்டினால் 60 கிலோ மூட்டை 240 பிடிக்கும், வெளியே மழை அடித்தாலும் உள்ளே காய்ந்துவிடும் என்று சொல்லித்தான் ஆறரை லட்சம் வாங்கினீர்கள். குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்வது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, வானம் கறுத்தால் தார்ப்பாயோடு ஓடி, கடைசியில் கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட, மறுபடி ரோட்டுக்கே கொண்டுவந்து கொட்டி... இந்த அலைச்சல் போதும் என்றுதான் வீட்டு நகையை அடகு வைத்து இதைக் கட்டினோம்.

இந்த ஐப்பசியில் ஆறு ஏக்கர் ஆடுதுறை 43 நெல்லை 24 சதவீத ஈரத்தோடு அறுத்து நேரே உள்ளே கொட்டினோம். அது 14 சதவீதத்துக்கு இறங்க ஒன்றரை டன்னுக்கு மேல் தண்ணீர் வெளியே போக வேண்டும், அவ்வளவையும் காற்றுதான் சுமந்து போக வேண்டும். நான்காம் நாள் காலை நெல் மேல் ஏறி, செய்தித்தாளைக் கிழித்து அங்கங்கே வைத்துப் பார்த்தேன். ப்ளோயர் பக்கத்து மூலையில் தாள் படபடத்தது. எதிர் மூலையில் அசையவே இல்லை. அங்கே முழங்கை வரை கையை விட்டேன், சுட்டது. அள்ளிய நெல் கட்டியாக வந்தது, புளித்த வாடை, உடைத்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக முளை.

கொட்டேஷனில் 7.5 எச்.பி. சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர், அதாவது அழுத்தத்தோடு காற்றைத் தள்ளுவது, என்று இருக்கிறது. மாட்டியிருப்பது 5 எச்.பி. ஆக்ஸியல் ஃபேன், சாதாரண விசிறி மாதிரி இறக்கை வைத்தது. வெறும் தளத்தில் அது புயல் மாதிரி ஊதும், நீங்கள் ஓட்டிக் காட்டியதும் வெறும் தளத்தில்தான். மூன்றடி ஈர நெல்லை ஊடுருவ அழுத்தம் வேண்டுமே, அந்த அழுத்தத்தில் இந்த ஃபேன் திணறிப்போகிறது. நெல்லை அள்ளிய பிறகு தகட்டைத் தடவிப் பார்த்தால் துளைக்குத் துளை ஒரு நெல், மூக்கு கீழே குத்தி அடைத்துக்கொண்டு நிற்கிறது. 2 மி.மீ. துளை என்று எழுதிக் கொடுத்துவிட்டு 3 மி.மீ. தகடு போட்டால் சன்ன நெல் வேறு என்ன செய்யும்?

அப்புறம் கூரை. ஈரக் காற்று வெளியேற இறவாணத்தின் கீழ் விட வேண்டிய திறப்பை ஷீட் வைத்து அடைத்துவிட்டீர்கள். விடியற்காலையில் தகரத்தின் அடியில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக நெல் மேலேயே விழுகிறது.

மழை நேரத்தில் ஃபேனை நிறுத்திவிடச் சொன்னார் உங்கள் சூப்பர்வைசர். நெல் 18 சதவீதத்துக்கு மேல் ஈரமாக இருக்கும்போது மழையானாலும் நிறுத்தக் கூடாது, காயாவிட்டாலும் சூடேறாமலாவது இருக்கும். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு இரவு நிறுத்தினேன். அந்த இரண்டு இரவுதான் எங்களைக் கெடுத்தது. இதைக்கூடத் தெரியாத ஆளை விவசாயியிடம் அனுப்பாதீர்கள். அடைமழைக்குக் காற்றை ஐந்தாறு டிகிரி சூடாக்க ஒரு ஹீட்டரும் வேண்டும் என்று ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருந்தால் அதையும் சேர்த்தே வாங்கியிருப்பேன்.

60 மூட்டை வீண். மாட்டுக்குக்கூடப் போட முடியாது.

கொட்டேஷனில் உள்ள ப்ளோயரையும் தகட்டையும் உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள், கூரைத் திறப்பை அடைத்திருக்கும் ஷீட்டை எடுத்துவிடுங்கள், 60 மூட்டைக்கு அரசு கொள்முதல் விலை கொடுங்கள். வேலை முடிந்ததும் நெல் கொட்டி என் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், வெறும் தளத்தில் அல்ல. தையில் சி.ஆர். 1009 நெல் அறுப்புக்கு வந்துவிடும், அதற்குள் முடிய வேண்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். கொட்டேஷன், ரசீது, போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அடைத்துப்போன தகட்டில் ஒன்றைக் கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

வருவதற்கு முந்தின நாள் போன் செய்யுங்கள், தகடு கழற்ற இரண்டு ஆள் சொல்லி வைக்கிறேன்.