பதினொரு கட்டம், ஒரே கோடு

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிய அகூஸ்டிக் கிட்டாரின் நெக் (கழுத்துப் பகுதி) கோணக் குறைபாடு, வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

அன்புடையீர்,

வணக்கம். ஆறு வாரத்துக்கு முன் உங்கள் நடுத்தர விலை மாடல்களில் ஒன்றை வாங்கினேன். பெட்டியைத் திறந்த மறுநாளே புகார் அனுப்பினேன். இதுவரை மூன்று பதில் வந்திருக்கிறது, மூன்றிலும் மூன்று வேறு காரணம். ஒன்றுகூடக் கிட்டாரைப் பார்த்துச் சொன்னது இல்லை. அதனால் இந்த முறை முதலிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருடம் ஒரு மலிவான ஒட்டுப்பலகைக் கிட்டாரில் வாசித்தவன் நான். நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுத்தபின் நாலு மாதம் தேடினேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று அதிகம் கேள்விப்படாத ஒரு சின்னப் பட்டறையினுடையது. முன்பலகை ஸ்ப்ரூஸ், பின்னும் பக்கமும் மஹோகனி, எல்லாமே ஒட்டு இல்லாத முழு மரம். இன்னொன்று உங்களுடையது. அதில் முன்பலகை மட்டும்தான் முழு மரம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். காகிதத்தில் ஒப்பிட்டால் சின்னப் பட்டறை ஜெயித்துவிட்டது.

இருந்தும் உங்களுடையதை வாங்கினேன். நேரில் வாசித்துப் பார்க்க வழியில்லாமல் அனுப்பச் சொல்லி வாங்குகிறவன், மரம் என்ன என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். நெக் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதை வேறு யாராவது பார்த்திருக்க வேண்டும். பெரிய பெயர் என்றால் அனுப்புவதற்கு முன் ஒருவர் அளந்து பார்த்திருப்பார், பின்னால் ஏதாவது ஆனால் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்வார் என்று நம்பினேன். மற்றபடி தலையில் பதித்த லோகோவிலிருந்து சத்தம் வராது என்பது எனக்கும் தெரியும். அந்த நம்பிக்கைக்காக முழு மரத்தையே விட்டுக்கொடுத்தேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். உள்ளே கம்பிகளுக்கு அடியில் ஒரு அட்டை செருகியிருந்தது. தலைப்பு ‘தரப் பரிசோதனை’. ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முனை, நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு), பிரிட்ஜ் (முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) ஒட்டு, நெக் கோணம், ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) என்று வரிசையாகப் பதினொரு கட்டம். பதினொன்றிலும் டிக் இருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவை பதினொரு டிக் இல்லை. முதல் கட்டத்தில் ஆரம்பித்துக் கடைசிக் கட்டம் வரை பேனாவை எடுக்காமல் இழுத்த ஒரே கோணல்மாணல் கோடு. ஆக்‌ஷனுக்குப் பக்கத்தில் ‘மி.மீ.’ என்று அச்சடித்து இடம் விட்டிருந்தார்கள். அது காலி.

அந்தக் காலி இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று நானே அளந்தேன். 12ஆவது ஃபிரெட்டின் தலையிலிருந்து ஆறாவது கம்பியின் அடிப்பக்கம் வரை 3.9 மி.மீ. முதல் கம்பிக்கு 3.1. பொதுவாக எதிர்பார்ப்பது ஆறாவதுக்கு இரண்டரை, முதலாவதுக்கு இரண்டு மி.மீ. சுற்றுவட்டாரம். ஐந்தாவது ஃபிரெட்டைத் தாண்டி ஒரு பார் கார்ட் (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பிடி) பிடித்தால் நாலு மாற்றத்துக்குள் கட்டைவிரல் அடியில் வலி எடுக்கிறது. கம்பியை அவ்வளவு ஆழம் அழுத்தும்போது சுருதியும் ஏறுகிறது. 12ஆவது ஃபிரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மானிக்கை (அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் சுரம்) விட 15 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் 15 பங்கு) மேலே நிற்பதாக ட்யூனர் காட்டுகிறது. மேலே வாசித்தால் அபசுரம், கீழேயே வாசித்துக்கொள் என்கிற மாதிரிக் கிட்டார்.

இனி உங்கள் பதில்கள். முதல் பதில்: “புதுக் கிட்டாருக்கு விரல் பழகச் சில வாரம் ஆகும்.” ஒன்பது வருடம் வாசித்த விரல் இது என்று புகாரிலேயே எழுதியிருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது பதில், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகச் சொன்னது. இதை எழுதியவர் கிட்டார் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாரா என்று சந்தேகமாக இருக்கிறது. ஒரு 12-53 கம்பி செட் (முதல் கம்பி 0.012, ஆறாவது 0.053 அங்குலத் தடிமன்) மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்த இழுப்பில் நெக் வில்லாக வளையாமல் எதிர்த்து நிற்கத்தான் ட்ரஸ் ராட். அது வளைவைச் சரிசெய்யும். நெக் உடம்பில் சேரும் கோணத்தை அதனால் மாற்ற முடியாது. என் கிட்டாரில் வளைவு சரியாகவே இருக்கிறது, ஏழாவது ஃபிரெட் பக்கம் 0.2 மி.மீ.

கோணம் தப்பு என்பதற்கு ஒரு ஸ்கேல் போதும். நேரான இரும்பு ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டினால், அதன் முனை பிரிட்ஜின் மேல்பரப்பை உரசிக்கொண்டு நிற்க வேண்டும். இதில் மேல்பரப்புக்கு நன்றாகவே கீழே போய் முட்டுகிறது. முட்டும் இடத்தைப் புகைப்படம் எடுத்து இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன்.

பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சாடிலைத் தேய்த்துக் குறைக்கலாமே என்பீர்கள். 12ஆவது ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி. அங்கே ஒரு மி.மீ. இறக்க, சாடிலில் இரண்டு மி.மீ. தேய்க்க வேண்டும். எனக்கு ஆறாவது கம்பி 1.4 இறங்க வேண்டும், அதாவது சாடிலில் 2.8. பிரிட்ஜுக்கு மேலே சாடில் நிற்பதே 2 மி.மீ.தான். தேய்த்தால் மிஞ்சப்போவது ஒன்றுமில்லை. பழைய கிட்டார்களுக்குப் பல வருட இழுப்புக்குப் பிறகு வருகிற நிலைமை இது. அப்போதுதான் நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்துவார்கள். என்னுடையதற்கு வயது ஒரு நாள்.

மூன்றாவது பதில்தான் உண்மையிலேயே கோபப்படுத்தியது. “ஈரப்பதத்தால் ஏற்பட்ட மாற்றம், வாரண்டியில் வராது.” காற்றில் ஈரம் கூடினால் முன்பலகை உப்பும், ஆக்‌ஷன் ஏறும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் அளந்தது பெட்டியைத் திறந்த மறுநாள். கிட்டார் பெட்டிக்குள்ளேயே ஈரமானி வைத்திருக்கிறேன். 48க்குக் கீழேயும் போகவில்லை, 52க்கு மேலேயும் போகவில்லை. உங்கள் கையேடே 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. முன்பலகை உப்பியிருந்தால் பிரிட்ஜும் சேர்ந்து எழும்பியிருக்கும், அதற்குப் பின்னால் முன்பலகை மேடு தட்டும். ஸ்கேலைக் குறுக்கே வைத்து அதையும் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். உங்கள் விவரப் பட்டியலில் ‘பின், பக்கம்: ரோஸ்வுட்’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். சத்தத்துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், வெளியே ஓடுகிற கறுப்பு ரேகை உள்ளே இல்லை. ஒட்டுப்பலகை. அது எனக்கு ஏற்கெனவே தெரியும், அதில் குறையும் இல்லை. வானிலை மாற்றத்தை முழு மரத்தை விட நன்றாகவே தாங்கும். ஆனால் அதை வாங்குகிறவன் டார்ச் அடித்துக் கண்டுபிடிக்க வேண்டுமா? டெய்லர் கிட்டார் கம்பெனி தன் 100 வரிசைக்கு அடுக்கு மரம் என்று வெளிப்படையாகப் போடுகிறது. மார்ட்டின் 1833இல் தொடங்கிய கம்பெனி, அதுவே தன் எக்ஸ் வரிசைக்கு ஹெச்.பி.எல். (அழுத்தி ஒட்டிய செயற்கைப் பலகை) என்று எழுத வெட்கப்படவில்லை. நீங்களும் ஒரு வார்த்தை சேர்த்துப் போடலாம்.

நான் கேட்பது இதுதான். உங்கள் செலவில் கிட்டாரைத் திரும்ப எடுத்து நெக் கோணத்தைச் சரிசெய்து கொடுங்கள், அல்லது அளந்து பார்த்த வேறொன்றைக் கொடுங்கள். இந்த மாடலின் நெக் போல்ட் போட்டது என்று நீங்களேதான் விளம்பரம் செய்கிறீர்கள். டவ்டெயில் (மரத்தில் வெட்டிப் பொருத்திப் பசையிட்ட இணைப்பு) மாதிரி ஆவி விட்டுப் பசையை இளக்கும் வேலை இல்லை. இரண்டும் முடியாது என்றால் முழுப் பணமும் வேண்டும். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். சென்ற பதிலின் கடைசியில் ஒன்று ஒட்டியிருந்தது, அதை நான் பயன்படுத்தவில்லை.

பதினைந்து நாளுக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் புகார் அமைப்புக்குப் போவேன். அளவுகள், படங்கள், உங்கள் மூன்று பதில்கள் எல்லாம் தேதியோடு தயாராக இருக்கின்றன.

கிட்டாரை வந்த பெட்டியிலேயே, கம்பியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் வரும்போது அந்த அட்டையையும் உள்ளே வைத்து அனுப்புகிறேன். திரும்பி வரும்போது ‘மி.மீ.’ பக்கத்தில் ஒரு எண் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்