அக்டோபருக்கு லீவு கேட்டு வை

அன்புள்ள பாப்பா,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய ஸ்வெட்டர் அவருக்குச் சரியாக இருக்கிறது, வீட்டுக்குள்ளேயும் கழற்றுவதில்லை.

போனில் நீ நம் சியாட்டில் பேஸ்பால் அணியைப் பற்றி, "இந்த வருஷம் மரைனர்ஸ் எப்படிம்மா?" என்று கேட்டாய். குக்கர் சத்தத்துக்கு நடுவே சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன அக்டோபரில் நம் அணி தோற்று எல்லாம் முடிந்த ராத்திரி, "பரவாயில்லம்மா, அடுத்த வருஷம் இருக்குல்ல" என்றாய். அதற்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எனக்கு இந்த வருஷம் பயமாக இருக்கிறது. அணி மோசமாக இருந்த காலத்தில் எனக்குப் பயம் வந்ததில்லை. ஏப்ரலில் ஆசைப்படுவோம், ஜூலையில் விட்டுவிடுவோம், ஆகஸ்டில் வெயில் காய்வதற்காக ஸ்டேடியத்துக்குப் போவோம். இப்போது நிஜமாகவே ஜெயிக்கக்கூடிய ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மனசு கிடந்து அடித்துக்கொள்வது அதனால்தான்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2001இல் என்று உனக்குத் தெரியும். மரைனர்ஸுக்கு ஆட இச்சிரோ ஜப்பானிலிருந்து வந்ததும் அதே வருஷம்தான். என்னுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது, கார் ஓட்டத் தெரியாது, அப்பா காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்குத் துணை ஒரு ரேடியோ. அதில் டேவ் நீஹாஸ் பேசுவார். 1977இல் அணி தொடங்கிய நாளிலிருந்து 2010இல் கண்ணை மூடும்வரை மரைனர்ஸுக்கு வர்ணனை சொன்னவர். மதுரையில் தாத்தா பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது டிரான்சிஸ்டரைத் திண்ணையில் வைத்துக்கொண்டு தமிழ் வர்ணனை கேட்பார். நாங்கள் யாரும் சேப்பாக்கத்தைப் பார்த்தது கிடையாது, ஆனால் எந்த ஃபீல்டர் எங்கே நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். நீஹாஸும் அப்படித்தான் எனக்கு ஆட்டத்தைக் காட்டினார். மட்டையை அசைக்காமல் நின்றாலும் ஸ்ட்ரைக் (அடிக்கிறவருக்கு எதிரான கணக்கு) ஆகும் என்பதிலிருந்து எல்லாம் அவரிடம் கற்றதுதான். இந்த நாட்டில் என்னோடு தினமும் மூன்று மணி நேரம் பேசிய முதல் மனிதர் அவர்.

அந்த வருஷம் அணி 116 ஆட்டம் ஜெயித்தது. 1906இல் சிகாகோ கப்ஸ் ஜெயித்த கணக்கைத் தொட்டது. வந்ததும் வராததுமாக இதைப் பார்த்த எனக்கு, இவர்கள் எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்றியது. அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றார்கள். அதன்பிறகு சீசன் கடைசியில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் கால் வைக்க 2022 ஆயிற்று. நீ பிறந்து, வளர்ந்து, யுனிவர்சிட்டிக்கும் போய்விட்டாய். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக் என்று இருந்தபோது நம் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) கேல் ராலி அடித்த, சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன்னுக்கு நீ ஹாஸ்டலிலிருந்து போனில் கத்தினாயே, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், 30 அணிகளில் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வாசலையே மிதிக்காதது நம் அணி ஒன்றுதான்.

அதனால்தான் போன அக்டோபர் 20ஆம் தேதி எனக்கு ஆறவில்லை. உன் ஊர் டொரொண்டோவில், அந்த ஊர் அணியோடு நடந்த ஏழாவது, கடைசி ஆட்டம். நம் ஜூலியோ ஒரு ஹோம் ரன், ராலி ஒரு ஹோம் ரன். 3-1 என்று முன்னால் இருக்கிறோம். ஏழாவது இன்னிங்ஸில் நம் பிட்சர் (பந்து போடுகிறவர்) பிரையன் வூ முதல் ஆளைச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். அடுத்தவர் ஒரு சிங்கிள். மூன்றாமவர் பந்தை மெல்லத் தட்டி (பண்ட்) தான் அவுட்டாகி, மற்ற இருவரையும் ஒரு பேஸ் முன்னால் தள்ளினார். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் வேர்ல்ட் சீரிஸ். மேனேஜர் டான் வில்சன் வெளியே வந்தார். நம் சிறந்த பிட்சர் முனோஸைத்தான் கூப்பிடப்போகிறார் என்று நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். வந்தது இன்னொரு பிட்சர், பசார்டோ. எதிரே டொரொண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர். மூன்று நாள் முன்னால்தான் சியாட்டிலில் முழங்காலில் பந்து பட்டு நொண்டிக்கொண்டே வெளியே போனவர். அவர் அடித்த பந்து இடதுபக்க கேலரியில் போய் விழுந்தது. மூன்று ரன், 4-3 என்று அவர்கள் முன்னால். அதோடு சரி.

பசார்டோ மேல் எனக்குக் கோபமே இல்லை, வருஷம் பூராவும் நன்றாகப் போட்டவர். வில்சனின் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கைவசம் இருக்கிற சிறந்த ஆள், ஆட்டம் எங்கே தலைகீழாகப் போகிறதோ அங்கே வரவேண்டும். அது ஏழாவது இன்னிங்ஸாக இருந்தால் ஏழாவதிலேயே வரவேண்டும். ஒன்பதாவதுக்கு என்று பொத்தி வைத்து, ஒன்பதாவது வரும்போது நாம் பின்தங்கி நின்றால் என்ன பிரயோஜனம்? அப்பா இதை ஒத்துக்கொள்வதில்லை. வூவும் பசார்டோவும்தான் அந்த இடத்துக்குத் திட்டமிட்ட ஆட்கள், ஒரே ஒரு பந்து தப்பிப்போனது என்கிறார். வில்சன் நல்ல மனிதர், இந்த அணிக்கே கேட்சராக இருந்து 2001இலும் தோல்வியைப் பார்த்தவர். இந்த வருஷம் அவர் என்ன கற்றுக்கொண்டு வருகிறார் என்பதுதான் என் முதல் கேள்வி.

சரி, நல்லதையும் சொல்கிறேன்.

நம் ஆட்டக்காரர் நேலர் நம்மோடேயே இருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு 9 கோடியே 25 லட்சம் டாலர் என்று நவம்பரிலேயே கையெழுத்தாகிவிட்டது. மிஸ்ஸிசாகாவில் பிறந்த பையன், நீ இருக்கிற இடத்துக்குப் பக்கம்தானே. அவர் பேஸ் திருடுவதை, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதை, இந்த வருஷம் கவனித்துப் பார். கனத்த உடம்பு, வேகத்தில் லீகிலேயே கடைசி வரிசையில் இருக்கிறவர். போன வருஷம் 30 பேஸ் திருடினார்! முதல் பேஸிலிருந்து மெல்ல மெல்ல நகர்வார், யாரும் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள், பிட்சர் கால் தூக்கும் நேரத்தைச் சரியாகப் பிடித்துக் கிளம்பிவிடுவார். கால் வேகம் இல்லாதவர் தலையால் ஓடுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ராலியைப் பற்றி நான் என்ன சொல்ல? 60 ஹோம் ரன். ஒரு கேட்சர் ஒரு சீசனில் அதிகம் அடித்தது அதற்கு முன்னால் 48தான். இரண்டு பக்கமும் நின்று அடிக்கிறவர்களில் மிக்கி மேண்டில் 1961இல் அடித்த 54தான் உச்சம். மரைனர்ஸின் பழைய நட்சத்திரம் கிரிஃபியின் 56உம் பின்னால் போய்விட்டது. சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது யாங்கீஸின் ஜட்ஜுக்குப் போனது எனக்கு இன்றுவரை வருத்தம். தினமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நூற்றுக்கு மேல் பந்து பிடித்துவிட்டு இதைச் செய்த ஆளுக்குத்தான் அது வந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு அந்த 60ஐ விட ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த, ஹோம் ரன் மட்டுமே அடிக்கும் போட்டியான ஹோம் ரன் டெர்பிதான் மனசுக்குள் நிற்கிறது. பந்து போட்டது அவருடைய அப்பா. பின்னால் உட்கார்ந்து பிடித்தது 15 வயதுத் தம்பி. முதல் சுற்றில் இன்னொருவரோடு எண்ணிக்கை சமமாகி, ஒரு அங்குலத்துக்கும் குறைவான தூர வித்தியாசத்தில்தான் மேலே போனார். கடைசியில் ஜெயித்தார். லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பின்னால் விளையாடுவதைப் போல விளையாடியது. நீ அந்த நேரம் டொரொண்டோவில் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தாய். நான் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இனி கவலைகள். நன்றாக மட்டையடித்த பொலான்கோ போய்விட்டார், நியூயார்க் மெட்ஸ் அணி கூட்டிக்கொண்டு போய்விட்டது. போன அக்டோபரில் டெட்ராய்ட் அணியோடு 15 இன்னிங்ஸ் இழுத்த அந்த ஐந்தாவது ஆட்டத்தை முடித்து வைத்தது அவர் மட்டைதான். அந்த இடத்தை யார் நிரப்புவார்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கோல் யங் நல்ல பையன், ஆனால் சின்னப் பையன். சுவாரெஸின் ஒப்பந்தமும் போன சீசனோடு முடிந்துவிட்டது. போன வருஷம் மொத்தம் 49 ஹோம் ரன் அடித்தவர். நம்மிடம் வந்த பிறகு நிறைய ஸ்ட்ரைக் அவுட் ஆனார், உண்மைதான். ஆனால் டொரொண்டோவோடு ஐந்தாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த, ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாமை நானும் அப்பாவும் ஸ்டேடியத்திலேயே பார்த்தோம். முன்பின் தெரியாத ஒரு பாட்டி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுவாரெஸ் வேறு ஊருக்குப் போனாலும் எனக்கு அந்த நன்றி போகாது.

பிட்சர்கள் விஷயத்தில் எல்லோரும் மரைனர்ஸை நினைத்துப் பொறாமைப்படுகிறார்கள். கில்பர்ட், கர்பி, வூ, மில்லர், கஸ்தியோ, ஐந்து பேரும் சரியாக இருந்தால் இந்த லீகில் யாரும் எதிரே நிற்க முடியாது. ஐந்து பேரும் ஒரே சமயத்தில் சரியாக இருப்பதுதான் நடக்கமாட்டேன் என்கிறது. போன வருஷம் கர்பிக்குத் தோள், கில்பர்ட்டுக்கும் மில்லருக்கும் முழங்கை, செப்டம்பரில் வூவுக்கு மார்புத் தசை. கஸ்தியோவுக்கு 33 வயது ஆகிவிட்டது. ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு பந்து போடும் மேடான மவுண்டை விட்டு இறங்கினாலே எனக்குச் சோறு இறங்காது.

மட்டையடிப்பும் கவலைதான். கடல் பக்கம் என்பதால் ஏப்ரல், மே குளிரில் நம் ஸ்டேடியத்தில் பந்து தூரம் போகாது. கூரை மூடினாலும் மழையைத்தான் தடுக்கும், பக்கவாட்டில் திறந்திருப்பதால் குளிர் உள்ளே வரும். அதில் ஜூலியோ வேறு ஒவ்வொரு வருஷமும் மெதுவாகத்தான் தொடங்குகிறார். ஜூலைக்குப் பிறகு அவரைப் போல ஆள் கிடையாது, ஆனால் ஏப்ரலில் தோற்ற ஆட்டமும் கணக்கில் வருகிறது அல்லவா.

இன்னொன்று, இந்த வருஷம் புது விதி. அம்பயர் பால், ஸ்ட்ரைக் சொன்னது தவறு என்று பட்டால், பேட்ஸ்மேனோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டி அப்பீல் செய்யலாம், கேமரா முடிவு சொல்லும். ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு, சரியாக இருந்தால் அது கையை விட்டுப் போகாது. நம் கிரிக்கெட் டிஆர்எஸ் மாதிரிதான். ஓரத்தில் வருகிற பந்தை ஸ்ட்ரைக்காகத் தோன்றும்படி பிடிப்பதில் ராலி கெட்டிக்காரர். அந்தத் திறமைக்கு இனி கொஞ்சம் மதிப்புக் குறையும். அதே சமயம் எப்போது அப்பீல் கேட்கவேண்டும் என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? இதில் நமக்கு லாபமா நஷ்டமா என்று மே மாதம்தான் சொல்ல முடியும்.

இப்போது உன் "அடுத்த வருஷம் இருக்குல்ல" என்பதற்கு வருகிறேன். ராலிக்கு 29 வயது. கேட்சர்களின் முழங்கால் ரொம்ப வருஷம் தாங்காது. நம் ஆட்டக்காரர் கிராஃபர்டின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது, அரோசரேனாவும் அப்படியே. கில்பர்ட் 2027 முடிந்ததும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இவர்கள் எல்லோரும் ஒரே சட்டையில், நல்ல வயதில், ஒன்றாக நிற்பது இன்னும் ஒன்றிரண்டு வருஷம்தான். 2001இல் 116 ஆட்டம் ஜெயித்தபோதும் எல்லோரும் அடுத்த வருஷம் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் போயிற்று என்று நீயே வளர்ந்து பார்த்தாய். நீ ஆறுதலாகச் சொன்னது எனக்குப் புரிகிறது கண்ணு. ஆனால் எனக்கு வேண்டியது இந்த வருஷம்.

உன் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நவம்பர் 1 ராத்திரி வேர்ல்ட் சீரிஸில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடம் டொரொண்டோ தோற்றபோது எனக்குத் துளி சந்தோஷம் வரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டே அவுட் என்றபோது டாட்ஜர்ஸின் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தாரே, அந்தப் பந்தைப் போட்டது டொரொண்டோவின் ஹாஃப்மன். நம் ஜூலியோவை ஸ்ட்ரைக் அவுட் செய்து நம் சீசனை முடித்து வைத்த அதே ஹாஃப்மன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டிவியை அணைத்தேன். 11 இன்னிங்ஸ் ஆடித் தோற்றது என்று மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். நீ ஆபீஸில் யாருமே பேசவில்லை என்று சொன்னாய். அவர்களிடம் சொல், சியாட்டிலில் ஒரு அம்மாவுக்கு அது நன்றாகப் புரிகிறது என்று.

மார்ச் கடைசியில் சீசன் தொடங்குகிறது. இங்கே ஏழு மணி என்றால் உனக்குப் பத்து மணி, முழு ஆட்டமும் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அக்டோபர் பாதியில் ஒரு வாரம் லீவு மட்டும் இப்போதே கேட்டு வைத்துவிடு. மறுபடி டொரொண்டோவோடு மோதுவதாக இருந்தால் நீ எந்த அணிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில்தான் உட்காரவேண்டும். டிக்கெட்டை அப்பா பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா